புக்கிட் தெங்காவிலிருந்து சென்னை எவ்வளவு தூரம்?

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 2,365 கிலோமீட்டர். நடுவில் எங்கும் இறங்காமல் பறந்தால் மூன்றரை மணி நேரம், கொஞ்சம் முன்பின்னாக ஆகலாம். 2024 டிசம்பர் 21ஆம் தேதி இண்டிகோ நிறுவனம் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே தினசரி நேரடிச் சேவையைத் தொடங்கியது. அன்றிலிருந்து எங்கள் பக்கத்துத் தமிழர் வீடுகளில் இந்தக் கணக்கு அடிக்கடி பேச்சில் அடிபடுகிறது. தீபாவளிக்கு ஊருக்குப் போகலாமா, பேரனுக்கு முடி இறக்க வேண்டும் என்கிறார்களே, சித்தப்பா உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கிறாரே என்று எந்தப் பேச்சு எடுத்தாலும் கடைசியில் மூன்றரை மணி நேரம்தானே என்று முடிகிறது.

அந்த மூன்றரை மணி நேரம் உண்மை. ஆனால் அது ஒரு விமான நிலையத்தில் விமானம் கதவடைப்பதிலிருந்து இன்னொன்றில் வந்து நிற்பது வரைக்கும் உள்ள கணக்கு. புக்கிட் தெங்காவில் வீட்டைப் பூட்டுகிற நேரத்திலிருந்து கும்பகோணத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் செருப்பைக் கழற்றுகிற நேரம் வரை கணக்குப் போட்டால் வேறு விடை வருகிறது. புக்கிட் தெங்கா போல, தீவுக்கு எதிரே பெருநிலத்தில், செபராங் பிறையில் இருப்பவர்களுக்கு அந்த விடைதான் முக்கியம். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பினாங்கு மாநிலத்தில் தீவைவிட செபராங் பிறையில்தான் ஆட்கள் அதிகம். விமான நிலையமோ தீவின் தென்கோடியில் இருக்கிறது.

முதலில் தூரத்தைப் பார்த்துவிடுவோம். பூமி உருண்டை என்பதால் இரண்டு ஊர்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி என்பது உருண்டையின் மேல் இழுத்துப் பிடித்த நூல் போன்ற வளைகோடு. பினாங்குக்கும் சென்னைக்கும் அப்படி ஒரு கோடு இழுத்தால் அது மலாக்கா நீரிணையின் வடக்கு வாயைக் கடந்து, அந்தமான் கடலுக்கு மேலே ஏறி, நிக்கோபார் தீவுக்கூட்டத்தில் நான்கவுரித் தீவின் பக்கமாகப் போய், பிறகு வங்கக் கடல் முழுவதையும் தாண்டிச் சோழமண்டலக் கரையைத் தொடுகிறது. விமானம் அச்சாக இதே கோட்டில் போகாது. வான்வழித் தடங்கள், மழை மேகம், கட்டுப்பாட்டு மையத்தின் அனுமதி இவற்றைப் பொறுத்து இங்கும் அங்கும் விலகும். ஆனாலும் ஏறக்குறைய இதுதான் பாதை.

இந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி நினைவுக்கு வந்தது. 1025ஆம் ஆண்டளவில் நடந்த கடற்படையெடுப்பில் அவன் வென்றதாகச் சொல்லப்படும் ஊர்களின் பட்டியலில் மாநக்கவாரமும் உண்டு, கடாரமும் உண்டு. மாநக்கவாரம் இன்றைய நிக்கோபார். கடாரம் நமக்கு வடக்கே இருக்கும் கெடா. செபராங் பிறையின் வடபுறத்திலிருந்து வானம் தெளிந்த நாளில் பார்த்தால் தெரிகிற ஜெராய் மலைதான் அந்தக் காலத்து மாலுமிகளுக்குக் கரை அடையாளம். 1,200 மீட்டருக்கு மேல் உயரம், கடலை ஒட்டித் தனியாக நிற்கும் மலை. அதன் அடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் தோண்டி எடுத்த கோயில் அடித்தளங்கள் இன்றும் இருக்கின்றன. படையெடுப்புக்கு முன்பே இருபக்கமும் நல்ல உறவு இருந்தது. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரத்தைக் கட்டினான். அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாக எழுதி வைத்தான். நாகப்பட்டினத்துக்கும் இந்தக் கரைக்கும் நேர்வழி இருந்தது, இடையில் வேறு துறைமுகத்தில் மாறி ஏற வேண்டிய தேவை இல்லை என்பதை இங்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திருச்சியைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

நம்மில் பெரும்பாலோரின் கதை கப்பலில் தொடங்குகிறது. செபராங் பிறை அப்போது வெல்லெஸ்லி மாகாணம். கரும்புத் தோட்டங்களும் பிறகு ரப்பர் தோட்டங்களும் நிறைந்த இடம். பத்து காவான், நிபோங் திபால், கலிடோனியா, ஜூரு, பிறை என்று எங்கே பார்த்தாலும் தோட்டம். அவற்றுக்கு ஒப்பந்தத்தில் கட்டுப்பட்ட சஞ்சிக் கூலியாகவும், கங்காணி ஊரில் ஆள் சேர்த்து அழைத்துவரும் கங்காணி முறையிலும் ஆட்கள் வந்தார்கள். சஞ்சி முறை 1910இல் முடிந்தது. கங்காணி முறை அதற்குப் பிறகும் நடந்தது. 1938இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு உதவிப் பயணத்தில் ஆள் அனுப்புவதையே தடை செய்தது. அதுவரை ஆவடியிலும் நாகப்பட்டினத்துக்கு அருகே பாப்பாக்கோவிலிலும் இருந்த முகாம்களில் தங்கவைத்து, மருத்துவம் பார்த்து, கப்பல் ஏற்றினார்கள்.

அந்தக் கடல் பயணத்தை ரஜூலா என்ற பெயர் இல்லாமல் பேச முடியாது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிக்காக 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட கப்பல். சென்னையில் கிளம்பி, நாகப்பட்டினத்தைத் தொட்டு, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போகும். தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல அனுமதி பெற்றிருந்தது. தளப் பயணி என்றால் அறை கிடையாது, படுக்கை கிடையாது. பாயை விரித்த இடம்தான் அவர் இடம். மணிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கடல்மைல் வேகத்தில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வர, கடல் அமைதியாக இருந்தால் நான்கு நாளுக்கு மேல் ஆகும். அந்த நான்கு நாளோடும் முடியாது. கூலிகளாக வந்தவர்களை நேரே கரையில் இறக்க மாட்டார்கள். பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே இருக்கும் ஜெரெஜாக் தீவில் இறக்கி, தொற்றுநோய் இல்லை என்று உறுதியான பிறகுதான் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். இன்று முதல் பாலத்தில் தீவை நோக்கிப் போகும்போது இடது பக்கம் தெரிகிற பச்சைத் தீவு அதுதான். மூன்றரை மணி நேரம் என்று நாம் சொல்கிற இடத்தில் அவர்களுக்கு முகாமில் காத்திருந்த நாள், கடலில் இருந்த நாள், தனிமைத் தீவில் அடைபட்ட நாள் என்று வாரக் கணக்கில் போயிருக்கிறது. வந்தவர்களில் பலர் திரும்பிப் போகவே இல்லை. திரும்பிப் போகும் செலவும் நாளும் அவர்களுடைய கூலிக்குக் கட்டுப்படியாகிற ஒன்றாக இல்லை.

ரஜூலா 1970களின் தொடக்கம் வரை ஓடியது. அதன்பின் எம்.வி. சிதம்பரம். என் வயதை ஒட்டியவர்களின் பெற்றோர் ஊருக்குப் போனது இந்தக் கப்பலில்தான். 1985 பிப்ரவரி 12ஆம் தேதி சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தபோது அதில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அத்தோடு அதன் பயணிகள் சேவை நின்றது. நம் வீடுகளில் ஊர்ப் பயணம் என்றாலே கப்பல் என்றிருந்த காலமும் அங்கே முடிந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 14ஆம் தேதி பினாங்குப் பாலம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. கடலைக் கப்பலில் கடந்த காலம் முடிந்த வருடத்தில்தான் பெருநிலத்துக்காரர்களுக்குத் தீவின் விமான நிலையத்துக்குத் தரைவழி கிடைத்தது.

விமான நிலையம் அதற்கு ஐம்பது ஆண்டு மூத்தது. 1935இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில் இம்பீரியல் ஏர்வேஸ் பினாங்கிலிருந்து ஹாங்காங்குக்குத் தபால் விமானம் விட்டது. லண்டனிலிருந்து வரும் தபால் இங்கே மாறிக் கிழக்கே போனது என்றால் அந்தக் காலத்தில் பினாங்குக்கு இருந்த இடம் புரியும். பிற்பாடு நாட்டின் பெரிய விமானப் போக்குவரத்தெல்லாம் கோலாலம்பூருக்குப் போய்க் குவிந்தது. வடக்கே இருப்பவர்கள் எங்கே போக வேண்டுமானாலும் முதலில் தெற்கே போக வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது.

அந்தத் தெற்குச் சுற்றின் கணக்கு இது. பினாங்கிலிருந்து கோலாலம்பூர் வான்வழியில் 325 கிலோமீட்டர். அங்கிருந்து சென்னை 2,628. இரண்டையும் கூட்டினால் 2,953. நேர்வழியைவிட 588 கிலோமீட்டர் அதிகம். சிங்கப்பூர் வழியாகப் போனால் மொத்தம் 3,500க்கும் மேலே போகிறது. வானத்தில் 588 கிலோமீட்டர் என்பது முக்கால் மணி நேரப் பறத்தல். அது பெரிய இழப்பு அல்ல. இழப்பு தரையில் இருக்கிறது. பினாங்கில் இரண்டு மணி நேரம் முன்பே போக வேண்டும். கோலாலம்பூரில் இறங்கி மூன்று மணி நேரமாவது இடைவெளி வைக்க வேண்டும். உள்நாட்டுச் சீட்டும் வெளிநாட்டுச் சீட்டும் தனித்தனியாக எடுத்திருந்தால் பெட்டியை வெளியே எடுத்து, மறுபடி வரிசையில் நின்று, மறுபடி எடை போட்டு ஏற்ற வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது விமானத்துக்கு யாரும் பொறுப்பில்லை.

எழுபது வயது அம்மா ஒருவர் முதல் முறையாகத் தனியாகப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் கோடாலித் தைலம், ஜாதிக்காய் எண்ணெய், மைலோ டின், பிஸ்கட், பேத்திக்கு எடுத்த துணி. கோலாலம்பூரின் இரண்டாம் முனையத்தில் முந்நூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு வான்பாலம் இருக்கிறது. அதைக் கடந்து, பாதுகாப்புச் சோதனை, குடிநுழைவு, மறுபடி ஒரு சோதனை, கதவு எண் மாறிவிட்டது என்ற அறிவிப்பு. அறிவிப்பு அவருக்குத் தெரிந்த மொழியில் வராது. இந்த மூன்று மணி நேரத்துக்குப் பயந்துதான் எத்தனையோ பெரியவர்கள் இந்தியப் பயணத்தையே ஒத்திப்போட்டிருக்கிறார்கள். மகனோ மகளோ கோலாலம்பூர் வரை கூடவே போய் ஏற்றிவிட்டு வர வேண்டியிருந்தது. விமானத்துக்குப் பதிலாகக் காரிலேயே கொண்டுபோய் விட்டவர்களும் உண்டு. புக்கிட் தெங்காவிலிருந்து கோலாலம்பூர் விமான நிலையம் வரை நெடுஞ்சாலையில் நானூறு கிலோமீட்டர் அளவுக்கு ஆகும். போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம். நேரடி விமானத்தின் பெரிய நன்மை எது என்று என்னைக் கேட்டால், மிச்சமாகும் கிலோமீட்டரைச் சொல்ல மாட்டேன். ஒரு வயதானவரைப் பாயான் லெப்பாஸில் ஏற்றிவிட்டால் அடுத்து அவர் இறங்குவது சென்னையில், அங்கே அழைத்துப் போக ஆள் நிற்கிறது. அந்த நிம்மதியைத்தான் சொல்வேன்.

இனி நேரக் கணக்கு. இதில் பலருக்குக் குழப்பம் வருகிறது. சென்னையில் பின்னிரவு இரண்டு மணிக்கு விமானம் ஏறுகிறவர் பினாங்கில் இறங்கும்போது இங்கே கடிகாரம் காலை எட்டேகாலைக் காட்டும். பினாங்கில் காலை பத்தரைக்கு ஏறுகிறவர் சென்னையில் இறங்கும்போது அங்கே பதினொன்றரைதான். போகும்போது ஒரு மணி நேரம், வரும்போது ஆறு மணி நேரம் என்று டிக்கெட்டைப் பார்த்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டுமே மூன்றரை, மூன்றே முக்கால் மணி நேரப் பயணம்தான். நடுவில் இரண்டரை மணி நேரக் கடிகார வித்தியாசம் இருக்கிறது.

இந்த இரண்டரை மணி நேரத்தில் சூரியனுக்குப் பங்கு பாதிதான். சென்னை கிழக்குத் தீர்க்கரேகை 80 பாகையை ஒட்டியும் பினாங்கு 100 பாகையை ஒட்டியும் இருக்கின்றன. இருபது பாகைக்குச் சூரியன் எடுத்துக்கொள்ளும் நேரம் எண்பது நிமிடம். நியாயமாக இரண்டு ஊர் கடிகாரங்களுக்கும் ஒரு மணி இருபது நிமிடம்தான் வித்தியாசம் இருக்க வேண்டும். மீதி எழுபது நிமிடம் அரசுகள் எடுத்த முடிவு. முன்பு தீபகற்ப மலேசியாவின் நேரம் இந்திய நேரத்தைவிடச் சரியாக இரண்டு மணி நேரம் முன்னால் இருந்தது. 1982 ஜனவரி 1ஆம் தேதி, சபா சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்க வேண்டும் என்று கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதனால்தான் பினாங்கில் காலை ஏழு மணிக்கும் இருட்டு முழுசாக விலகுவதில்லை, மாலை ஏழு மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. ஊரிலிருந்து வரும் உறவினர்கள் முதல் நாள் விடியலைப் பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்விக்கு இதுதான் பதில்.

பறக்கும் நேரமே ஏன் ஒரு நாள் போல் ஒரு நாள் இருப்பதில்லை? 2,365 கிலோமீட்டரை மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்தில் வகுத்தால் மூன்று மணி நேரம்கூட வராது. ஆனால் டிக்கெட்டில் இருக்கும் நேரம், விமானம் கதவடைத்து நகரத் தொடங்குவதிலிருந்து அடுத்த ஊரில் வந்து நிற்பது வரை. ஓடுபாதைக்குப் போவது, ஏறுவது, இறங்குவது, வானத்தில் வரிசையில் காத்திருப்பது எல்லாம் சேர்ந்து அரை மணி நேரத்துக்குமேல் விழுங்கும். அதோடு காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை, கீழே தென்மேற்குப் பருவக்காற்று வீசிக்கொண்டிருக்கும்போது, தென்னிந்தியாவுக்கு வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக வேகமான காற்றோட்டம் ஒன்று ஓடுகிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1958இல் விளக்கிக் காட்டிய வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று இது. அந்த மாதங்களில் பினாங்கிலிருந்து சென்னைக்குப் போகிற விமானத்துக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளும். திரும்பி வருகிற விமானத்துக்கு எதிரே நிற்கும். பத்து, பதினைந்து நிமிடம் கூடவோ குறையவோ ஆகலாம்.

பதினைந்து நிமிடம். வங்கக் கடல் முழுவதையும் தாண்டுகிற பயணத்தில் காற்றால் வரக்கூடிய மாற்றம் அவ்வளவுதான். இப்போது புக்கிட் தெங்காவிலிருந்து பாயான் லெப்பாஸுக்குப் போகும் வழியைப் பாருங்கள்.

வான்வழியில் இருபது கிலோமீட்டர்கூட இல்லை. கடல் நடுவே இருப்பதால் தரைவழியில் முதல் பாலம் ஏறினால் இருபத்தைந்து, முப்பது கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் அரை மணி நேரத்தில் போய்விடலாம். வேலை நாளில் காலை ஆறரையிலிருந்து எட்டரைக்குள் கிளம்பினால் எவ்வளவு ஆகும் என்று இந்தப் பக்கம் யாரும் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையின் ஆலைகள் விமான நிலையத்தை ஒட்டித்தான் இருக்கின்றன. அங்கே வேலை பார்ப்பவர்களில் ஏராளமானவர்கள் பெருநிலத்தில் குடியிருப்பவர்கள். பெர்மாத்தாங் பாவ், புக்கிட் மெர்தாஜாம், பிறை, ஜூரு எல்லாப் பக்கத்திலிருந்தும் காரும் மோட்டார் சைக்கிளும் ஆலைப் பேருந்தும் ஒரே நேரத்தில் பாலத்துக்கு வருகின்றன. சுங்கை டுவாவிலிருந்து ஜூரு வரைக்குமான நெடுஞ்சாலையே காலையில் நகராது. பாலத்தின் நடுவே ஒரு வண்டி பழுதாகி நின்றாலோ, மோட்டார் சைக்கிள் விழுந்தாலோ, பின்னால் இருப்பவர்களுக்குத் திரும்பிப் போக வழி இல்லை. கடலுக்கு மேலே எட்டரைக் கிலோமீட்டர், நடுவில் விலக இடம் கிடையாது.

நேரடிச் சேவை தொடங்கியபோது வந்த அட்டவணை, பின்னிரவில் சென்னையில் கிளம்பிக் காலையில் பினாங்கு, முற்பகலில் பினாங்கிலிருந்து சென்னை என்று இருந்தது. விமான நிறுவனத்துக்கு அது வசதியான ஏற்பாடு. ஒரே விமானம் போய்த் திரும்பி, பகலில் இந்தியாவுக்குள் வேறு வேலை பார்க்கலாம். ஆனால் புக்கிட் தெங்காக் குடும்பம் ஒன்று முற்பகல் விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய்ச் சேர வேண்டும் என்றால் பாலத்தில் இருக்க வேண்டிய நேரம் சரியாக ஆலைக்காரர்கள் போகிற நேரம். காலையில் வந்து இறங்கும் உறவினரை அழைத்து வரப் போகிறவருக்கும் அதே கதி. வரும்போது பாலம் காலியாக இருக்கும், டோலும் கிடையாது, நெரிசலும் டோலும் போகும்போதுதான். கடல் தாண்டி வருகிற விமானம் சொன்ன நேரத்தில் இறங்கியும், பெருநிலத்திலிருந்து கிளம்பிய கார் இன்னும் பாலத்தில் நிற்கிற காட்சி இங்கே புதிதல்ல.

எங்கள் பக்கத்து அனுபவசாலிகள் சொல்லும் வழி இரண்டாம் பாலம். 2014 மார்ச் 1ஆம் தேதி திறந்த சுல்தான் அப்துல் ஹலிம் பாலம் பத்து காவானிலிருந்து பத்து மாவுங் வரை. மொத்தம் 24 கிலோமீட்டர், அதில் கடலுக்கு மேலே மட்டும் பதினேழை ஒட்டி. புக்கிட் தெங்காவிலிருந்து நெடுஞ்சாலையில் தெற்கே போய் ஏற வேண்டும், தூரம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கூடுகிறது. ஆனால் இறங்கினால் விமான நிலையம் பக்கத்திலேயே. காலை நேரத்தில் நீளமான வழிதான் சீக்கிரமான வழி. ஒன்று நினைவில் வைக்க வேண்டும்: அங்கே காற்று பலமாக அடிக்கும், மழை நாளில் வேகத்தைக் குறைத்தே போக வேண்டும். அந்த நேரத்தையும் சேர்த்தே கிளம்புங்கள்.

இப்போது மறுகரை. சென்னையில் இறங்கியதோடு பயணம் முடிகிறவர்கள் நம்மில் குறைவு. பினாங்கிலும் செபராங் பிறையிலும் இருப்பவர்களின் ஊர் தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், நாமக்கல் பக்கம். ஜார்ஜ் டவுனில் தலைமுறைகளாக இருக்கும் தமிழ் முஸ்லிம்களில் பலருக்குக் கடையநல்லூரும் தென்காசியும் ஊர். நாகூருக்கும் பினாங்கு சூலியா தெருவில் உள்ள நாகூர் தர்காவுக்கும் உள்ள உறவு தனிக் கதை. இவர்கள் எல்லோருக்கும் சென்னை பாதி வழி. தஞ்சாவூருக்கு இன்னும் முந்நூற்று நாற்பது கிலோமீட்டர், ரயிலில் ஆறு மணி நேரம். தென்காசிக்கு ஓர் இரவு முழுக்க ரயில்.

இதில் உதவக்கூடிய செய்தி ஒன்று உண்டு. தெற்கே போகிறவர்கள் சென்னை நகரத்துக்குள் போய் எழும்பூரில் ரயில் ஏற வேண்டியதில்லை. விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம் கடந்து நாலாவது நிறுத்தம் தாம்பரம். தென் மாவட்ட ரயில்கள் பெரும்பாலும் தாம்பரத்தில் நிற்கும். பெட்டி கனமாக இருந்தால் டாக்ஸி பிடியுங்கள், தாம்பரம் பக்கம்தான். தாம்பரத்திலிருந்து சீட்டு எடுத்துவிட்டால் நகர நெரிசலில் இரண்டு மணி நேரம் வீணாகாது.

ஆக, புக்கிட் தெங்காவில் விடியற்காலை ஐந்தரைக்கு வீட்டைப் பூட்டினால், விமானம், குடிநுழைவு, ரயில் எல்லாம் ஒழுங்காக நடந்தால், இந்திய நேரப்படி அன்று இரவு எட்டு, ஒன்பது மணிக்குத் தஞ்சாவூர். கைக்கடிகாரத்தை மாற்றாமல் வைத்திருந்தால் இரவு பத்தரை, பதினொன்றரை. பதினேழு, பதினெட்டு மணி நேரப் பயணத்தில் வானத்தில் இருந்தது மூன்றரை. மீதியெல்லாம் பாலமும் வரிசையும் ரயிலும்.

அதனால்தான் பினாங்கிலிருந்து திருச்சிக்கும் நேரடி விமானம் கேட்கிறோம். பினாங்கிலிருந்து திருச்சி நேர்கோட்டில் 2,450 கிலோமீட்டர். சென்னையைவிட 85 கிலோமீட்டர்தான் அதிகம், வானத்தில் ஏழு நிமிடம்கூட ஆகாது. அந்த ஏழு நிமிடத்தைக் கூடுதலாகப் பறந்தால் தஞ்சாவூர்க்காரருக்கு ஒரு மணி நேரச் சாலைப் பயணம், புதுக்கோட்டைக்காரருக்கும் அப்படியே. கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்குப் பல ஆண்டுகளாக நேரடி விமானங்கள் ஓடுகின்றன. அவற்றில் ஏறுகிறவர்களில் வடக்கேயிருந்து போகிறவர்களும் நிறைய. காவிரிக் கரைக்கும் கடாரத்துக் கரைக்கும் நேர்வழி ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இருந்தது என்று மேலே சொன்னேன். அந்த வழியைத் திறக்க இன்று தேவைப்படுவது ஒரு நிறுவனத்தின் துணிச்சலும் இரண்டு அரசுகளின் ஒப்புதலும். தினசரி வேண்டாம், வாரத்துக்கு மூன்று நாள் போதும் என்று தொடங்கலாம்.

விமான நிலையமும் பெரிதாகிக்கொண்டிருக்கிறது. ஆண்டுக்கு 65 லட்சம் பயணிகளைக் கணக்கில் வைத்த முனையத்தை ஒரு கோடியே இருபது லட்சத்துக்கு விரிவாக்கும் வேலை நடக்கிறது. 2025 ஜனவரி 11ஆம் தேதி அடிக்கல் நாட்டப்பட்ட முத்தியாரா இலகு ரயில் பாதை, விமான நிலையத்தைத் தொட்டு, ஜார்ஜ் டவுனின் கொம்தார் வழியாக, கடலைக் கடந்து பட்டர்வொர்த்தின் பினாங்கு சென்ட்ரல் வரை வரப்போகிறது. 2031இல் முடியும் என்கிறார்கள். முடிந்தால், புக்கிட் தெங்கா ரயில் நிலையத்தில் கொம்யூட்டர் ஏறி, பட்டர்வொர்த்தில் மாறி, பாலத்து நெரிசலைத் தொடாமல் விமான நிலையம் போகலாம். அதற்கு இரண்டு ரயில்களின் நேரமும் ஒத்துப்போக வேண்டும், விடியற்காலையில் முதல் வண்டி கிளம்ப வேண்டும். பாதை போடும்போதே இதைக் கேட்டு வாங்க வேண்டியது பெருநிலத்தின் சட்டமன்ற உறுப்பினர்கள் பொறுப்பு. ரயில் வரும்வரை புக்கிட் மெர்தாஜாம், புக்கிட் தெங்கா, பத்து காவான் வழியாக இரண்டாம் பாலத்தில் ஏறி, காலை விமானங்களுக்கு ஏற்ற நேரத்தில் ஓடுகிற பேருந்து ஒன்றை மாநில அரசு விடலாம். அதற்குப் புதிய பாலமோ புதிய பாதையோ தேவையில்லை.

நமக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. இருக்கை நிரம்பாத தடத்தில் எந்த நிறுவனமும் நீண்ட நாள் விமானம் விடாது. சென்னைத் தடம் நிரம்பி ஓடினால்தான் திருச்சிக்குக் கேட்க நமக்கு வாய் இருக்கும். இந்தியப் பயணிகளுக்கு மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் விசா இல்லாமல் முப்பது நாள் தங்க அனுமதி கொடுத்ததால் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். இந்தப் பக்கத்திலிருந்தும் கூட வேண்டும். கோலாலம்பூர் வழியாகப் போனால் நூறு வெள்ளி மிச்சம் என்று தோன்றும்போது, பெட்டிக்கான கட்டணம், இடையில் சாப்பாடு, கூடவே வந்து ஏற்றிவிடுகிறவரின் ஒரு நாள் கூலி, இவற்றையும் கூட்டிப் பாருங்கள். கிளம்புவதற்கு முன் அன்றைய அட்டவணையைச் சரிபாருங்கள். வேலை நாள் என்றால் இரண்டாம் பாலத்தில் போங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகிறவர்கள் முடிந்தவரை பினாங்கிலிருந்தே விமானம் ஏறுங்கள்.